பட்டா இல்லாத எலும்பு

இடது புருவத்துக்கு மேலே
ஒரு விரல் வைத்தால் மறைகிற இடம்.
மூன்று வருஷம் அதற்குச் சுக்குப் பற்றுப் போட்டேன்.
இரண்டு தடவை கண்ணாடி மாற்றினேன்.
குனிந்தால் குத்தும்.
உசிலம்பட்டி மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே
மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.
"வெயில்ல சங்கிலி இழுக்குறீங்க சர்வேயரம்மா, வேறென்ன."

அண்ணா நகர் ஸ்கேன் சென்டரில்
"ஒச்சம்மாள் யாரு? தோட்டைக் கழட்டுங்க" என்றார்கள்.
வளையத்துக்குள் தலை போனது, வந்தது.

டாக்டர் ரோஸ்லின் திரையை என் பக்கம் திருப்பினார்.
கறுப்பு காற்று, சாம்பல் சதை, வெள்ளை எலும்பு.
நெற்றிக்குள் இரண்டு காலி அறைகள் உண்டாம்,
நாற்பத்தோரு வயதில்தான் தெரிகிறது.
இடது அறையின் மூலையில்
சுண்ணாம்பை விட வெள்ளையாய் ஒரு மொச்சைக்கொட்டை.
"ஆஸ்டியோமா. எலும்புல வர்ற சாதுவான கட்டி. புற்று இல்லை."
கடைசி இரண்டு வார்த்தையை
முதலில் சொல்லியிருக்கலாம்.

ஒன்பது மில்லிமீட்டர்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒன்பது மில்லிமீட்டருக்கு
செக்கானூரணியில்கூட வரப்புத் தகராறு வராது.
காற்றுக்கென்று விட்ட புறம்போக்கு.
யாரும் பார்க்காத நேரத்தில் கல் ஊன்றியிருக்கிறது,
அதுவும் என் சொந்த எலும்பு.
நோட்டீஸை யார் பேருக்கு அனுப்புவது?

வீட்டில் யாருக்காவது குடலில் கட்டி உண்டா என்று கேட்டார்.
நெற்றிக்கும் குடலுக்கும் என்ன வழக்கு?
அபூர்வமாய் ஒரு குடும்ப நோயில்
இரண்டும் சேர்ந்து வருமாம். எங்களுக்கு இல்லை.
"இப்ப தொட வேண்டாம்.
வலிக்கு இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன்.
ஒரு வருஷம் கழிச்சுத் திரும்ப அளப்போம்."
மறு அளவை.
ஊருக்கெல்லாம் நான் சொல்லி அனுப்புகிற வார்த்தை.

மறு வருஷம் பதினொன்று.
கூடின இரண்டு பெரிதில்லை, உட்கார்ந்த இடம்தான் பெரிது.
சளி இறங்கும் மடைவாயை அடைத்துவிட்டது.
மேலே கறுப்பாய் இருந்த அறை முழுக்கச் சாம்பல்.
மடை அடைத்தால் கண்மாய் என்ன ஆகும் என்று
எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

மூக்கு வழியாகவே போவார்களாம்.
கட்டியை உள்ளுக்குள் குடைந்து ஓடாக்கி,
ஓட்டை நொறுக்கி எடுப்பது.
தழும்பு இருக்காது.
மூளைத் தண்ணீர் கசியலாம், கண்ணில் படலாம்,
"அபூர்வம்தான், ஆனா சொல்லணும்."
கையெழுத்துக்கு முன்னால் பழக்கதோஷத்தில் பார்த்துக்கொண்டேன்:
வடக்கே மூளை, தெற்கே கண்,
கிழக்கே வலது அறை, மேற்கே நெற்றிப்பொட்டு.
இந்த நான்கு மாலுக்குள்.

வீட்டுக்காரர் மூன்று மணி நேரமும்
என் செருப்பைக் கையிலேயே வைத்திருந்தாராம்.

கண் விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு.
டப்பாவில் தேங்காய்ச் சில்லு மாதிரி நாலைந்து துண்டு.
மூக்கைச் சிந்தக் கூடாது.
உப்புத்தண்ணீரால் தினம் இரண்டு வேளை கழுவணும்.
பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது:
முதிர்ந்த எலும்பு, கெட்ட செல் எதுவும் இல்லை.
என்னிடம் முதிர்ந்தது அது ஒன்றாவது இருந்ததே.

ஏழாம் வாரம் வாலாந்தூரில் ஒரு புஞ்சை.
அண்ணன் கல்லை நகர்த்திவிட்டான் என்று
தம்பி கற்பூரம் அடிக்கத் தயாராய் நிற்கிறார்.
கல்லின் தலையில் கை வைத்துக் குனிந்தேன்.
குத்தவில்லை.
இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.
எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ,
மேலே இருந்து ஒரு குரல் பயந்து கேட்கிறது:
"என்னம்மா, கல்லு நகர்ந்திருக்கா?"