இடப்பக்கம் பாதரசம்

புவனேஷ் கெலிசாவை விற்றபோது
சாவியோடு ஒரே ஒரு வாக்கியம் தந்தான்:
"அக்கா, ஒன்னுக்கு மேல ஏத்தாதீங்க."
என்ன ஒன்று என்று சொல்லவில்லை.
மறுநாள் கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டான்.

இரவு ஷிப்ட் முடிந்து
ஜாலான் பகாங் சிவப்பு விளக்கில் நிற்கிறேன்.
ஸ்டீயரிங் ஓரமாய்
மாரி பிஸ்கட் அளவில் ஒரு மீட்டர்.
முள் ஐம்பதில்.
ஒன்றைத் தாண்டக் கூடாத வண்டி
ஓடாமலே ஐம்பதில் நிற்கிறது.
ஏசியை அணைத்தேன். ரேடியோவையும் அணைத்தேன்,
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

செகாம்புட் பட்டறையில் லோக் யூ மெங்
எண்ணெய்க் கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தான்.
"மிஸ்ஸி, நடுவுல கோசோங்.
வலது பக்கம் கிலோ.
இடது பக்கம் வேற. அது எச்-ஜி."

எச்-ஜியை எனக்குத் தெரியும்.
பதினாறு வருஷமாய்
ஊரார் புஜங்களைத் துணிப்பட்டையால் இறுக்கி
நான் எழுதி வைப்பது அதைத்தான்.
பாதரசம். நூற்றிருபது, கீழே எண்பது.

ஒரே வட்டத்துக்குள் இரண்டு கணக்கு.
தள்ளுவதை எடையால் அளக்கிறது,
இழுப்பதை உயரத்தால்.
ஜப்பானில் யாரோ ஒருவர்
இதில் குழப்பமே இல்லையென்று
கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து
வார்டு பேனாவால் உள்ளங்கையில் கணக்குப் போட்டேன்.
ஐம்பது சென்டிமீட்டர் என்றால் ஐந்நூறு மில்லிமீட்டர்.
சளி உறிஞ்சும் குழாயைச் சுவரில் திருகும்போது
பிள்ளைகளுக்கு நான் நூறைத் தாண்ட விடுவதில்லை.
இந்தக் கெலிசாவோ
பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் சும்மா நேரத்தில்
ஐந்நூறு உறிஞ்சுகிறது.
எழுபத்தாறு சென்டிமீட்டரைத் தொட்டால்
உள்ளே எதுவுமே மிச்சமில்லை.
அதற்கும் கீழே கோடு போட யாராலும் முடியாது.

பிறகு வலப்பக்கம்.
நூற்றிருபதைக் கிலோவாக்கினேன்:
பூஜ்யம் புள்ளி ஒன்று ஆறு.
ஒன்பதாம் கட்டில் சங்கிலிமுத்து
மார்பில் உள்ளதையெல்லாம் திரட்டித் தள்ளினாலும்
இந்த முள்
முதல் கோட்டுக்கு, புள்ளி இரண்டுக்கு, வந்து சேராது.
நேற்றிரவு அவருக்கு நூற்றெண்பது.
கோட்டைத் தாண்டிக் கொஞ்சம், மயிரிழை.
அதற்கே டாக்டரை எழுப்பினோம்.

யூ மெங் இன்ஜினை நிறுத்தினான்.
முள் நடுவுக்கு வந்து நின்றது.
"இப்ப உள்ளே காலியா?" என்றேன்.
"இல்ல மிஸ்ஸி. வெளியே எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவு."
வானம் மொத்தமும்
தலைமேல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பூஜ்யம்.
இத்தனை நாள் சும்மா இருக்கிறேன் என்று
நான் சொல்லித் திரிந்தது இதைத்தானோ என்னவோ.

ராத்திரி புவனேஷிடமிருந்து பதில்:
"பார்தான்க்கா. இல்ல இல்ல, கிலோ. ரெண்டும் ஒன்னுதான்."
ஒன்றல்ல, தம்பி.
நூற்றுக்கு இரண்டு வித்தியாசம்.

லீவு நாளில் கோம்பாக் டோல் தாண்டி
மேட்டில் பெடலை அழுத்தினேன்.
முள் பாதரசத்தை விட்டு இறங்கி
நடுவைக் கடந்து
கிலோவுக்குள் நுழைந்தது.
பானட்டுக்குள் யாரோ விசில் ஊதினார்கள்.
புள்ளி நான்கு. புள்ளி ஆறு.
முன்னால் மூங்கில் லாரி.
புள்ளி எட்டு.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
ஒன்றை நான் தொடவில்லை.

கெந்திங் செம்பாவில் ஓரங்கட்டி அணைத்தேன்.
இங்கே காற்று கொஞ்சம் லேசு.
முள் அதைச் சொல்லவில்லை.
செகாம்புட்டில் நின்ற அதே இடத்தில் நின்று
அதே பூஜ்யம் என்கிறது.
என் காதுதான்
அடைத்துத் திறந்தது.