கேட்டாலும் எழுதலாம்

விதி இதுதான்:
பதினைந்து நிமிடத்தில்
ஒரே பார்வையில் சேர்ந்து கண்டதில்
எது பெரிய எண்ணோ அதை மட்டும் எழுது.
போனது திரும்பி வந்தால் கூட்டாதே.

ரேஷன் கடைத் தராசடியில்
இருபத்திரண்டு வருடம் நின்றவளுக்கு
இது பிடிபட இரண்டு மாசி ஆயிற்று.
ஒரே தேன்சிட்டு பதினோரு முறை வந்தாலும் ஒன்று.
பதினோரு முறை வந்த ஒன்று என்று எழுதக்
கட்டம் கிடையாது.

பனச்சமூட்டில் எல்லை
சந்தைக்குள் நுழைந்து
மீன் தண்ணீர் ஓடும் ஓடையைத் தாண்டி
எங்கள் விளையின் வடக்கு ஓரமாய்ப் போகிறது.
அங்கே ஒரு கல்.
கல்லுக்கு அப்பால் சுலோசனன்,
மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர்,
மகள் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர்க்காரர்.

ஞாயிறு மாலை வேலியருகே தாள்களை ஒத்துப் பார்ப்போம்.
என் பக்கம் தவிட்டுக்குருவி ஏழு.
அவர் பக்கம் பூத்தாங்கீரி ஏழு.
"அப்போ பதினாலா?" என்பார் ஜஸ்டஸ், என் வீட்டுக்காரர்.
நாங்கள் இருவரும் பதில் சொல்வதில்லை.
ஆறு நாற்பதுக்கு என் ரப்பர்ச் சருகைக் கிளறியவை
ஏழு மணிக்கு எங்கே போயின என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

என் வால்காக்கை அவருக்கு ஓலேஞ்ஞாலி.
என் சின்னான் அவருக்கு இரட்டைத்தலச்சி.
செம்போத்தை அவர் உப்பன் என்னும்போது
எனக்குக் கடைச் சாமான்போல் கேட்கும்.

அவர் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தார்.
நான் இரண்டு வைத்தேன்.
அவர் பப்பாளியைப் பறிக்காமல் பழுக்கவிட்டார்.
நான் பாளையங்கோட்டானில் ஒரு சீப்பை விட்டுவிட்டு
"அணில்" என்று ஜஸ்டஸிடம் சொன்னேன்.

ஆறுமணிக்குருவி மட்டும் மூன்று வருடமாய் என் தாளில்.
பலாவின் மூடு என் மண்ணில்,
பாதிக் கொம்புகள் அவர் ஓட்டின்மேல்.
அதுவோ மூட்டைச் சுற்றியே குதிக்கும்.
"ஒரு தடவை இங்கோட்டு விடு" என்பார்,
கயிறு அறுத்த ஆட்டுக்குட்டியைக் கேட்பதுபோல.
அவருடைய குளக்கோழியைச் சொல்லி நான் சிரிப்பேன்.
வருடா வருடம் எழுதுகிறார், குளக்கோழி ஒன்று.
குளம் எங்கே இருக்கிறது அவர் வீட்டில்?

இந்த மாசியில் அவர் கண்ணில் பச்சைத் துணி.
பாறசாலை ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
"என் பக்கமும் நீ எண்ணணும். சாவி ஜன்னல்படியில்."

பத்தடி தூரத்து வீட்டுக்கு
ரோட்டைச் சுற்றி, சந்தை வழியாக,
இன்னொரு மாநிலத்துக்குப் போனேன்.
அவர் நாற்காலி தெற்கு பார்த்துக் கிடந்தது.
பைனாகுலர் வாரில் தலையெண்ணெய் மணம்.

என் வீட்டின் பின்முதுகை
நான் அதுவரை கண்டதில்லை.
நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டி,
(மிதவையை மாற்றச் சொல்லி எத்தனை நாள் ஆகிறது)
அதன் கீழே சேம்பு, கறுத்த சேறு.
சேம்பிலைகளுக்கு நடுவே,
வெள்ளை மார்பும் துடிக்கும் வாலுமாக,
வாடகை ஒழுங்காய்க் கொடுப்பவர் நடையில்
ஒரு கானாங்கோழி.

சிரித்த சிரிப்பெல்லாம் தொண்டையில் நின்றது.
அடுக்களை ஜன்னலில் ஜஸ்டஸ்,
நின்றபடியே கட்டன்சாயா குடித்துக்கொண்டு
ஆளில்லாத என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவரை எழுதக் கட்டம் இல்லை.

வெளிச்சம் அடங்கும்போது பலாவடியிலிருந்து
இரண்டு சுரத்தில் அந்த விசில்.
மறுபடியும்.
நான் உட்கார்ந்திருந்தது அவர் நாற்காலி.
டிரான்ஸ்பார்மர் வெடித்த நாளிலிருந்து
அந்தக் காது அவருக்கு இல்லை.

இரவு போன் வந்தது.
"பூத்தாங்கீரி எத்ர?"
"ஏழு" என்றேன்.
நாலுதான்.
மூன்று பேர் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.
"குளக்கோழி?"
"உண்டு."
"கண்டியா!" என்றார்.
ஆறுமணிக்குருவியைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அவர் தாளில், கடைசி வரியில்,
அவர் சொல்லும் பேரிலேயே எழுதிவைத்தேன்:
காவி, ஒன்று, கேட்டது.
துணி அவிழ்த்த பிறகு
வாசிக்கட்டும்.