மட்டும்

கோயமுத்தூரில் ஞாயிறுதோறும் ஜெர்மன் வகுப்பு.
நர்ஸ் வேலைக்குப் பறக்கவிருந்த பிள்ளைகளுக்கு நடுவே
ஒரு நாவலாசிரியருக்காகப் போனவள் நான் ஒருத்திதான்.
எல்பே ஆற்றங்கரைக்காரர்.
போர் முடிந்தபின் எழுதவந்து
பதினோரு புத்தகத்திலும் ஒரே சங்கதியைக் கேட்டவர்:
சொன்னதைச் செய்தவர்கள்
அன்றைக்கு ராத்திரி எப்படிச் சோறு தின்றார்கள்?

அதில் ஒன்றைத் தமிழாக்குகிறேன், ராத்திரிகளில்.
பகலில் திருப்பூர், நீர்ச் சோதனைக்கூடம்.
நொய்யலோரத் தண்ணீர் வெள்ளைக் கேனில் வரும்.
சுண்டக் காய்ச்சி
பீங்கான் கிண்ணத்தில் மிஞ்சும் உப்பை
நிறுத்துச் சொல்வது என் வேலை.

நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தில் நிற்கிறேன்.
ஒரு ரயில்நிலைய எழுத்தர்,
பெட்டிகளை எண்ணியவர்,
பெட்டிக்குள் இருந்தவர்களை எண்ணாதவர்,
விசாரணையில் சொல்வது ஆறே சொல்.

'நான் மட்டும் என் கடமையைச் செய்தேன்' என்றால்
ஆளுக்கு மீசை முளைத்துவிடுகிறது.
'கடமையை மட்டும்' என்றால் தலை குனிகிறார்,
கொஞ்சம் நடிப்பாக.
ஜெர்மனில் ஆணியடித்த சொல்
தமிழில் நாற்காலி மாறி மாறி உட்காருகிறது.
கடமையும் லேசுப்பட்டதில்லை.
கல்வெட்டில் அது வரி,
விளைந்ததில் மேலிடத்துக்கு அளந்துபோட்டது.

ஆவணியில் ஒரத்துப்பாளையம் பக்கத்துக் கிணற்று நீர் வந்தது.
மூவாயிரத்து நானூற்றுப் பத்து.
சென்னியப்பன் சார் நல்ல மனிதர்,
அன்றைக்கு எனக்கும் சேர்த்து இளநீர் வாங்கியிருந்தார்.
"ரெண்டாயிரத்து எம்பதுன்னு போட்டுருங்கம்மா."
அதட்டல் இல்லை. ஸ்ட்ராவைக்கூட அவரே குத்திக் கொடுத்தார்.
"சரிங்க சார்."
வைதாலும் 'ங்க' போட்டு வைகிற சனம் நாங்கள்.
அந்த 'ங்க'வில் கால் வழுக்கினால்
விழுந்தது தெரியாது.

நகல் வாங்கக் கிணற்றுக்காரர் வந்தார்,
காளிங்கராயன் என்று ஒருவர், வேட்டியெல்லாம் செம்மண்.
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.
"அப்ப நல்ல தண்ணிதானுங்களா?"
"அளவுக்குள்ளதானுங்க இருக்குது."
"எருமை குடிக்க மாட்டீங்குதுங்களே."
கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.
சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.
காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து
கும்பிட்டுவிட்டுப் போனார்.

கேன் தூக்கியவர், நான், சார், கோவை மேலிடம்,
இத்தனை கை மாறிய தண்ணீருக்கு
மாட்டேன் என்றது
அந்த எருமை மட்டும்.

அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது அந்தச் சொல்.
எழுத்தருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பக்கம் நகரவில்லை.
பென்சிலில் எழுதிய மூவாயிரத்து நானூற்றுப் பத்து
என் நோட்டில் இருக்கிறது, அழிக்கவில்லை.
கிண்ணத்தையும் கழுவவில்லை.
நாளை சார் கேட்பார்,
ஏன் ஒரு கிண்ணம் குறைகிறது என்று.