ஏழாவது படி

"கார்பெட்டை நாமளே உரிச்சிடலாம்,
கூலி மிச்சம்" என்றவள் யமுனாதான்.
மேலிருந்து தொடங்கினோம்.
பிளேடு, கட்டிங் பிளேயர், ஓயாத தும்மல்.
படிக்குப் பதினோரு ஆணி.
பசை மட்டும் வெந்நீருக்கும் மசியவில்லை.
அடியில் பச்சைப் புள்ளி போட்ட நல்ல மொசைக்.
இதையா மூடி வைத்தார்
வீட்டை விற்ற மனுஷன் என்று சிரித்தோம்.

கீழிருந்து ஏழாவது படியில்
சிரிப்பு நின்றது.
அதற்கப்புறம் உரிக்க உரிக்க
மூலைக்கு மூலை காய்ந்த வண்டல்,
ஓரத்தில் ஒரு நத்தை ஓடு.

"வேளச்சேரியே முங்கினாலும்
நம்ம தெருவுக்குத் தண்ணி வராது சார்."

யமுனா ஏழாவது படியில் உட்கார்ந்தாள்.
ஒரு காலை மெல்ல
ஆறாவதில் வைத்து
எடுத்துக்கொண்டாள்.
ஜன்னலில் ஐப்பசி இருட்டிக்கொண்டு வந்தது.
"முதல்ல
இன்வெர்ட்டரை மேலே ஏத்தணும்" என்றாள்.