அனுமதிக்கப்பட்ட அளவு

சட்டத்துக்கு ஒரே ஒரு இரவுதான்.
பின்னேரம் ஆறுக்குத் தொடங்கி
விடிய ஆறுக்கு முடியிற இரவு.
என்ர இரவு
பெரியாஸ்பத்திரியால ஸ்கூட்டியை எடுத்து
கோண்டாவில் ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க,
காலமை எட்டரைக்குத் தொடங்கும்.

யன்னலுக்குக் கறுத்தச் சீலை.
காதுக்குப் பஞ்சு, வாட்டிலயிருந்து கொண்டுவந்தது.
மதிலுக்கு அங்கால ஜெயரூபன்
கட்டரைப் போடுவான்.
ஒரு துண்டு அறுபட ஒரு நிமிசம்.
பிறகு கொஞ்சம் அமைதி.
அந்த அமைதிதான் பொல்லாதது.
அடுத்தது எப்ப எண்டு
உடம்பு முழிச்சுக் காவலிருக்கும்.
நாப்பது தாண்டின உடம்புகளுக்கு
இந்தக் காவல் முந்தியே பழக்கம்.
முறைப்பாட்டுப் படிவத்தில
அதை எழுத இடமில்லை.

விதானையார் பிரதேச சபைக்கு அனுப்பினார்.
சபை பொலிசுக்கு.
பொலிசில கேட்டினம்: "இரவிலயோ?"
"இல்லை, பகலில."
"பகலில ஆர் நித்திரை கொள்ளுறது?"
தமிழில சொன்னதைச் சிங்களத்தில எழுதி
என்னட்டைக் கையெழுத்து வாங்கிச்சினம்.

பதினொரு கிழமையால
திருவரங்கன் எண்டொரு அலுவலர்
பஞ்சுத் தலை வைச்ச மீற்றரோட வந்தார்.
முதல்நாளே ஒழுங்கை முழுக்கத் தெரியும்.
கட்டர் சாக்கால மூடிக் கிடந்தது.
ஜெயரூபன் ஒரு யன்னல் கம்பிக்கு
பெயின்ற் பூசிக்கொண்டிருந்தான்,
குழந்தைக்குப் பவுடர் போடுறமாதிரி.

மீற்றர் கேட்டது
ஒரு காகம்,
மீன்காரன்ர ஹோர்ன்,
கொழும்பு ரயில்.
பிறகு இலக்கம் சட்டெண்டு ஏற
அலுவலர் என்னைப் பாத்தார்.
கிணத்தடியில என்ர மோட்டர்.
"மிஸ்ஸி, இண்டைக்கு இதுதான் ஆகக்கூட"
எண்டார், சிரிக்காமல்.

ஜெயரூபன்ர மனிசி
மதிலுக்கு மேலால தேத்தண்ணி நீட்டினா,
மூண்டு பேருக்கும்.
"இரவில வெட்டினால் ஊருக்கு நித்திரையில்லை,
பகலில வெட்டினால் உங்களுக்கு.
நான் எப்ப வெட்டுறது, சொல்லுங்கோ?"
அவன் கோவமாக் கேட்கேல்லை.
எனக்குக் கொட்டாவி வந்தது.

ஆவணியில கடிதம் வந்தது:
'அளவீடு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளது.'

அதுக்கு முதலே, ஒருத்தரும் கேளாமல்,
அவன் தன்ர தகரப் படலையில
இரும்புக்கு அளவு குறிக்கிற சோக்கால
எழுதத் தொடங்கியிருந்தான்.
"இண்டைக்குப் பன்னிரண்டு மட்டும் வெட்டு இல்லை."
"பத்தில இருந்து பதினொண்டு. பொறுக்கவும்."
ஒருநாள் வெறும் "மழை" எண்டு மட்டும்.
ஸ்கூட்டியை மெதுவாக்கி வாசிப்பன்,
கட்டில் தலைமாட்டு அட்டையை வாசிக்கிறமாதிரி.
சில நாள் அவன் சொன்ன நேரத்தைத் தாண்டுவான்.
சில நாள் நான் மோட்டரை நிப்பாட்ட மறப்பன்.

இண்டு காலமை இருந்தது:
"நாளைக்கு முழுநாளும் வெட்டு.
கலியாண வீட்டுப் படலை, அவசரம்.
மன்னிக்கவும்."

ஹெல்மெட்டைக் கழட்டேல்லை.
நிலத்தில கிடந்த சோக்கை எடுத்து
அதுக்குக் கீழ எழுதினன்:
"நாளைக்கு எனக்கு லீவு.
வெட்டுங்கோ."