சொட்டு மருந்து விட்ட பிறகு

கருங்கல் கண் ஆஸ்பத்திரியில்
எனக்கு டோக்கன் முப்பத்தொன்று.
இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு
அரைமணிக்கூர் மூடி இருங்க என்றாள் நர்ஸ்.
எத்தனை நேரம்தான் மூடிக்கொண்டிருப்பது.

எதிர்ச் சுவரில் ஒரு படம்.
சட்டத்துக்குள் நீளவாக்கில் பச்சை,
அதில் குனிந்த முதுகுகள்,
மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மேடு,
வெள்ளை வெள்ளையாய்ச் சில பறவைகள்.
ஓரத்தில் ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறான்.

கன்னிப்பூ நடவு, என்றேன் சத்தமாகவே.
பதினாறு வருஷம் நட்ட முதுகு இது,
இன்னொரு முதுகைத் தெரியாதா.
மேடு வேளிமலை. பறவை கொக்கு.
நிற்கிறவன் கூலி எழுதுகிறவன்,
அவனுக்கு மட்டும்தான் இடுப்பு வலிக்காது.
எங்க ஏலாவும் இப்படித்தான் கிடந்தது,
செம்மண் லாரி வருவதற்கு முன்னால்.

ஏலா என்றதும்
பக்கத்து நாற்காலி அசைந்தது.
இனயத்துக்காரி, பேர் பிலோமி,
அவள் கண்ணிலும் மருந்து.
"பின்னே, ஏலா போடாம கரமடி வலிக்க முடியுமா?
கயிறு தெரியல்லியா உங்களுக்கு?"

தெரிந்தது.
நான் வரப்பு என்று வைத்திருந்த கோடு.
கொக்கெல்லாம் கடல்காக்கை ஆயின,
வேளிமலை மழைமேகமாய்ப் புரண்டது.
நடுகிறவர்களும் பின்னால்தான் நகர்வோம்,
மடி இழுக்கிறவர்களும் பின்னால்தான்.
வருவதைப் பார்த்தபடி
குதிகாலால் வழி தடவி.

அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"அப்போ நிக்கவன் யாரு?"
கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
"ஆள் எண்ணுகான்."
நானும் எண்ணினேன். எட்டு.
அவள் விரல் நீட்டி எண்ணினாள், ஒன்பது.
கையில் ஆண்பிள்ளை வாட்ச் ஒன்று
ஒவ்வொரு எண்ணுக்கும் முழங்கைப் பக்கம் சரிந்தது.
மறுபடி எண்ணினாள். ஒன்பது.
அந்த ஒருத்தரை எங்கே வைத்து எண்ணினாள் என்று
நான் கேட்கவில்லை.

முப்பது, என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.
யார் வரைந்தது என்று ரிசப்ஷன் பையனிடம் கேட்டேன்.
"சோபா வாங்கினப்போ கூடக் கொடுத்ததும்மா."

பத்து நாள் கழித்துக் கண்ணாடி வந்தது.
மாட்டிக்கொண்டு நேரே சுவரருகே போய் நின்றேன்.
கிட்டத்தில் பச்சையே இல்லை,
நீலமும் மஞ்சளுமாய்த் தனித்தனித் தீற்றல்கள்.
எட்டுப் பேர்தான்.
கையில் இருப்பது
நாற்றுமுடியாகவும் இருக்கலாம், கயிறாகவும் இருக்கலாம்.
கணுக்காலுக்குக் கீழே
ஒருவருக்கும் ஒன்றும் வரைந்திருக்கவில்லை.
சேற்றில் நிற்கிறார்களா ஈரமணலிலா,
வரைந்தவருக்கே தெரிந்திருக்காது.

ஆயிரத்து நானூறு ரூபாய்க் கண்ணாடி.
அதற்கு மேல் அது ஒன்றும் காட்டவில்லை.