வெளியேறிய நேரம்

போகோட்டாவில் ஊரடங்கின் நாற்பத்தோராம் நாள்.
ஒன்பதாவது மாடியில் எனக்கிருந்த குறை
கடைக்காரன் அனுப்பிய மூன்று அவகாடோவும்
கல்லாய் இருந்ததுதான்.

நசுங்கிய கார்களின் படம் பார்த்து
இழப்பீடு கணக்கிடுவது என் வேலை.
தெருவில் கார் இல்லை, மோதலும் இல்லை,
சம்பளம் மட்டும் தேதி தவறாமல்.
"சிறைதான் இது" என்று தோழிக்கு எழுதினேன்.
எழுதிய விரலில் வெண்ணெய்ப் பிசுக்கு.

இரவு எட்டுக்குத் தாதியருக்காகக் கைதட்டுவோம்,
மாடத்துக்கு மாடம், சிலர் கரண்டியும் தட்டுமாக.
வாயில்காவலர் எலியேசரும்
கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து
அண்ணாந்து தட்டுவார்.
மேலிருந்து பார்த்தால்
எங்களுக்காகத் தட்டுவது போலிருக்கும்.

தெற்கு மலைச்சரிவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.
அடுப்பு எரியாத வீடுகள்
ஜன்னலில் சிவப்புத் துணி கட்டியிருந்தன:
துண்டு, பாவாடை, ஒரு குழந்தையின் கால்சட்டை.
செங்கல் சுவரில் சிவப்பு எடுபடவில்லையே,
மஞ்சளாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.
சொல்லிவிடுகிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

மாத்திரைப் பொட்டலம் வாங்கக் கீழே போனபோது
மேசையில் ஆளில்லை.
பதிவேட்டை நானே திறந்தேன்.
பெயர். வந்த நேரம். உடல் சூடு. வெளியேறிய நேரம்.
ஓஃபேலியா அம்மாளின் நாய்கூட
ஒரு நாளில் மூன்று முறை வெளியேறியிருந்தது.
சும்மா பின்னோக்கிப் புரட்டினேன்.
மார்ச் மாதத்தில், அதே குண்டுக் கையெழுத்தில்:
எலியேசர் கினோனெஸ், காலை 5.40, முப்பத்தாறு புள்ளி இரண்டு.
கடைசிக் கட்டம் வெறுமை.
அடுத்த பக்கத்திலும் தேடினேன்.
அதற்கடுத்ததிலும்.

மின்மானிகளுக்குப் பின்னால் ஒரு கதவு.
உள்ளே விரித்த அட்டைப்பெட்டிகள், மின்அடுப்பு,
சட்டியில் கொதிக்கும் வெல்லத் தண்ணீர்.
அந்த வாசனையை லிஃப்டில் தினம் முகர்ந்து
மூன்றாம் மாடியில் யாரோ பலகாரம் செய்கிறார்கள்
என்றிருந்தேன்.

"சோவாச்சாவுக்குப் பஸ் சரியாக இல்லை.
மற்ற ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க.
தங்குறவனுக்கு வேலைன்னாங்க. தங்கிட்டேன்."
மகள் யுரானி அனுப்பிய படத்தைக் காட்டினார்.
ஜன்னலில் தொங்கியது அவருடைய பனியன்,
சாந்தா ஃபே அணியின் சிவப்பு.
"பக்கத்து வீட்டுக்காரன் நீல அணி, பரம எதிரி.
இப்ப அவனும் சிவப்பைத்தான் கட்டியிருக்கான்"
என்று சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கத் தெரியவில்லை.

மாலை இரண்டு பை கட்டினேன்.
அரிசி, பருப்பு, எண்ணெய்,
மேலாக அந்த மூன்று அவகாடோ.
அவர் பதிவேட்டைத் திறந்து எழுதினார்:
902-இலிருந்து, இரண்டு பை, 6.15.
"கையெழுத்துப் போடுங்க அம்மா. விதி."
பைகள் மேசைக்கடியில் போயின.
கொண்டுபோக ஆள் கிடைக்கட்டும் என்றார்.

என் கார்
அவர் படுக்கும் அட்டைக்கு எட்டடி தள்ளி நிற்கிறது.
தூசி படாமல் போர்வை போர்த்தியிருக்கிறேன்.
அனுமதிச்சீட்டு இல்லையே என்றேன்.
உண்மைதான்.
கேட்டுப் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

அன்றிரவு எட்டு மணிக்கு
திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.
கீழே அவர் தட்டுவது கேட்டது,
மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் இரண்டு தட்டு அதிகமாக.

ஐந்தாம் நாள் இண்டர்காமில் அழைத்தார்.
"அரிசி இருக்கும், பரவாயில்லை.
பழம் கனிஞ்சுபோச்சு அம்மா, வீணாகிடும்.
நீங்களே எடுத்துக்குங்க."
கீழே போனேன். எழுதி வைத்திருந்தார்:
அவகாடோ மூன்று, 902-க்கு.
கடைசிக் கட்டத்தில்
கடிகாரத்தைப் பார்த்து
நேரம் குறித்தார்.